மாதவிடாய் நாட்களில் படிக்கக் கூடாதா? 150 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொன்ன டாக்டர் மேரி ஜேகோபி

மாதவிடாய் வலியில் துடிக்கும் பெண்ணிடம், பேசாம வீட்டுலயே இரு என்று சொல்வது ரொம்ப சுலபம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதையே காரணம் காட்டி, பெண்களுக்கு மேற்படிப்பு ஒத்துவராது என்று டாக்டர்களே வாதாடினார்கள். அந்த வாதத்தை உடைத்தவர் டாக்டர் மேரி புட்னம் ஜேகோபி.

யார் இவர்?

1842-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பிரபல அமெரிக்கப் பதிப்பாளர். 1864-ல் பென்சில்வேனியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். இது போதாது என்று பாரிஸ் கிளம்பினார். அங்கிருந்த அரசு மருத்துவப் பள்ளி அதுவரை பெண்களைச் சேர்த்ததே இல்லை. விடாமல் போராடி, அங்கே இடம் பிடித்த முதல் பெண் ஆனார். 1871-ல் பட்டத்தோடு நியூயார்க் திரும்பி, மருத்துவ மாணவிகளுக்குப் பாடம் எடுத்தார்.

என்ன பிரச்னை?

1873-ல் ஹார்வர்டின் முன்னாள் பேராசிரியர் டாக்டர் எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். பருவ வயதில் மூளைக்கு அதிக வேலை கொடுத்தால் கர்ப்பப்பை பாதிக்கும், மாதவிடாய் நாட்களில் மாணவிகளுக்கு ஓய்வு கட்டாயம் என்றார். புத்தகம் பரபரப்பாக விற்றது. கல்லூரிக் கனவில் இருந்த பெண்களுக்கு இது பெரிய அடி.

மேரி என்ன செய்தார்?

பெண்களிடமே கேட்டார். 1,000 கேள்வித்தாள்களை அனுப்பினார். 268 பேர் பதில் போட்டார்கள். வலி இருக்கா, எவ்வளவு தூரம் நடக்க முடியுது, எவ்வளவு படிச்சிருக்கீங்க என்று கேள்விகள் போனது. கூடவே, சில பெண்களின் நாடித்துடிப்பு, தசை வலிமை ஆகியவற்றை மாதம் முழுக்க அளந்து பார்த்தார்.

கிடைத்த பதில் என்ன?

மாதவிடாய் என்பதாலேயே ஆரோக்கியமான பெண் முடங்க வேண்டியதில்லை என்பதுதான் முடிவு. அதற்காக வலியே பொய் என்று அவர் சொல்லவில்லை. பலருக்கு வலி இருப்பதைப் பதிவு செய்தார். வலி இருந்தால் அந்த நேரத்தில் முடிந்தவரை ஓய்வு கொடுக்கணும் என்பதும் அவர் நிலைப்பாடு.

இந்த ஆய்வுக்கு 1876-ல் கிடைத்தது ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு! அதைப் பெற்ற முதல் பெண் மேரிதான். ஆனால் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி மாணவிகளைச் சேர்த்தது 1945-ல்தான். மேரி 1906-லேயே இறந்துவிட்டார்.

இன்றும் மாதவிடாய் வலியோடு வரும் பெண்ணிடம் டாக்டரோ நர்ஸோ முதலில் கேட்பது, எத்தனை நாள் வலி, ஸ்கூலுக்குப் போக முடியுதா என்பதைத்தான். போக முடியாத அளவுக்கு வலி இருந்தால், இதெல்லாம் சகஜம் என்று விடாமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.