சேக் தீன் முகமது

சேக் தீன் முகமது (1759 - பெப்ரவரி 24, 1851) இந்தியாவின் பட்னாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மறைந்தவர். படைவீரராகவும் நூலாசிரியராகவும் உணவக உரிமையாளராகவும் நீராவிக் குளியலகம் நடத்துபவராகவும் விளங்கினார். ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் இவரேயாவார். ஷாம்பு என்னும் சொல்லை இங்கிலாந்தில் பரப்பியதும் இவரே. எனினும், தலைமுடி கழுவும் ஷாம்புவை இவர் கண்டுபிடித்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று.

இளமையும் அயர்லாந்து வாழ்வும்

இவருடைய தந்தை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்த முகமது, காட்ஃப்ரி பேக்கர் என்ற அதிகாரியின் ஆதரவில் அதே படையுடன் சென்று, படிப்படியாகச் சுபேதார் நிலைக்கு உயர்ந்தார். 1782 இல் பேக்கர் பதவி விலகியபோது இவரும் விலகினார். இருவரும் 1784 இல் அயர்லாந்தின் கார்க் நகரை அடைந்தனர். அங்கு ஆங்கிலம் பயின்ற முகமது, 1786 இல் ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார். வட இந்தியாவில் படையுடன் சென்றுவந்த பயணங்களைக் கடித வடிவில் எழுதி 1794 இல் நூலாக வெளியிட்டார்.

இலண்டன்

பின்னர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, பாசில் காக்ரேன் என்ற செல்வந்தரின் நீராவிக் குளியலகத்தில் பணிபுரிந்தார். காக்ரேன் சென்னையில் கம்பனி அலுவலராக இருந்து, கடற்படைக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தங்களால் பெரும்பொருள் ஈட்டியவர். 1810 இல் முகமது தொடங்கிய இந்துஸ்தானி காபி இல்லம், இலண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகமாகக் கருதப்படுகிறது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஆங்கிலேயரை நம்பித் தொடங்கிய இத்தொழில் நிலைக்கவில்லை. 1812 இல் இவர் நொடித்துப்போனார். அப்போது இவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

பிரைட்டன் குளியலகம்

1814 இல் மனைவியுடன் பிரைட்டனுக்குச் சென்றது இவர் வாழ்வின் திருப்புமுனையாகும். இவரது குளியலகத்தில் நோயாளி முதலில் மூலிகை கலந்த நீராவியில் வியர்க்க வைக்கப்படுவார். பின்பு கம்பளித் துணியாலான கூடாரத்துக்குள் அமர்த்தப்படுவார். அத்துணியில் தைக்கப்பட்ட கைகளின் வழியே பிடித்துவிடுபவர் தம் கைகளை நுழைத்து உடலை அழுத்திப் பிடித்துவிடுவார். இதற்கே ஷாம்பு செய்தல் என்று பெயர். அழுத்து, பிசை என்று பொருள்படும் சாம்ப்போ என்ற இந்திச் சொல்லிலிருந்து இது வந்தது. வாதநோயாலும் மூட்டுவலியாலும் வருந்தியோர் திரளாக வந்தனர். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கும் இவர் இப்பணியைச் செய்தார்.

1822 இல் வெளியிட்ட மருத்துவ நூலில், தாம் பிறந்த ஆண்டு 1749 எனவும் மருத்துவம் பயின்றதாகவும் எழுதினார். முந்தைய பயண நூலோடு இது பொருந்தவில்லை. மருத்துவப் பயிற்சிக்கு இடம் காட்டவே பத்து ஆண்டுகளைக் கூட்டிக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிஷர் கருதுகிறார். கல்லறையிலும் அகவை 101 என்றே பொறிக்கப்பட்டுள்ளது.

சொல்லின் பொருள் மாற்றம்

ஆங்கிலத்தில் ஷாம்பு என்பது தலைமுடி கழுவுதலைக் குறிக்கத் தொடங்கியது 1860களில், அதாவது முகமது இறந்த பின்னரே. அக்காலத்தில் முடி கழுவச் சவர்க்காரக் கரைசலே பயன்பட்டது. கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றோடு சவர்க்காரம் சேர்ந்தால் கரையாத கசடு உண்டாகி முடியில் படியும், முடி மங்கும். மேலும் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. முடியின் புறத்தோல், மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகளால் ஆனது. காரம் பட்டால் இவ்வடுக்குகள் விரிந்து, முடி சொரசொரப்பாகிச் சிக்கடையும்.

செருமானிய வேதியியலாளர் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் 1903 இல் தூள் ஷாம்புவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடின நீரிலும் கசடு தராத செயற்கைப் பரப்பு இழுவிசைக் குறைப்பிகள் கலந்த ஷாம்பு 1930களில் வந்தது. இவற்றின் மூலக்கூறில் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும். எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்து பிரித்து நீரோடு கொண்டுசெல்லும். இன்றைய ஷாம்புகளில் சோடியம் லாரெத் சல்பேட் போன்றவை இப்பணியைச் செய்கின்றன. செதில்கள் படிந்திருக்கும்பொருட்டுச் சிட்ரிக் அமிலம் சேர்த்துக் காரத்தன்மை குறைக்கப்படுகிறது.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின் என்னும் இயற்கைப் பொருளும் இவ்வாறே அழுக்கை நீக்குகிறது. சீயக்காய்க் கரைசல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. ஆனால் முகமதின் புகழ் இவற்றால் வந்ததன்று. நீராவியாலும் கைப்பிடியாலும் வந்தது.

பிற்காலம்

முதுமையில் கடற்கரைக் குளியலகம் இவர் கையைவிட்டுப் போயிற்று. மனைவி 1850 இல் இறக்க, சில மாதங்களில் இவரும் காலமானார். புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நூறாண்டுக்கும் மேலாக மறக்கப்பட்டிருந்த இவரது பயண நூலை ஃபிஷர் 1997 இல் மீண்டும் பதிப்பித்தார். உணவகம் இருந்த இடத்துக்கருகே 2005 இல் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. இவருடைய பேரன் பிரெடரிக் அக்பர் முகமது (1849 - 1884) முறையாக மருத்துவம் பயின்று, இலண்டன் கைஸ் மருத்துவமனையில் உயர் இரத்த அழுத்தம் பற்றி முன்னோடி ஆய்வுகளைச் செய்தவராவார்.