வாத்து ரத்தத்தில் கிடைத்த ஹிஸ்டோன்: யார் இந்த ஆல்பிரெக்ட் கோசல்?

நம் உடம்பின் ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் இது எப்படி அடங்குது? நூல்கண்டில் நூல் மாதிரி, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றிக் கிடக்கிறது. இந்தக் கட்டுதான் குரோமாட்டின். கட்டு இறுகினால் அந்த இடத்து மரபணு பெரும்பாலும் சும்மா இருக்கும். தளர்ந்தால் வேலைக்கு வரும்.

அந்த ஹிஸ்டோனை 1884-ல் முதலில் பிரித்தெடுத்தவர் ஆல்பிரெக்ட் கோசல். 1853-ல் ஜெர்மனியின் ரோஸ்டாக் துறைமுக நகரில் பிறந்தவர். படித்தது மருத்துவம், ஆனா மனசு போனது வேதியியல் பக்கம்.

அவர் எடுத்துக்கொண்டது வாத்து ரத்தம். ஏன் வாத்து? மனிதர்களின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவைகளுக்கு உண்டு. ரத்தம் கிடைத்தால் போதும், உட்கரு ஏராளம். நீர்த்த அமிலத்தில் போட்டார், புரதம் கரைந்து வந்தது. ஹிஸ்டோனைப் பிரிக்க ஆய்வகங்களில் இன்றும் அமிலம்தான் கைகொடுக்கிறது.

அடுத்த வருஷமே மாட்டுக் கணையத்திலிருந்து அடினின். பிறகு தைமின், சைட்டோசின். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் மூன்று கோசலின் ஆய்வகத்தில் கிடைத்தவை. மிச்சமுள்ள குவானின் பழைய சரக்கு, கடற்பறவை எச்சத்தில் ஏற்கெனவே கிடைத்தது. 1910-ல் மருத்துவ நோபல் தேடி வந்தது.

அரசியலில் ஆர்வம் இல்லாதவர். ஆனாலும் முதல் உலகப் போரின்போது, மக்களுக்குத் தரும் ரேஷன் உணவு போதுமானது என்று அறிவிக்கச் சொல்லி அரசு கேட்டபோது மறுத்துவிட்டார். பசியில் நாடு தவித்த நேரம் அது.

1927-ல் ஹைடெல்பர்க்கில் இறந்தார். ஹிஸ்டோன் எதற்கு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிறகும் பல வருஷம் அதை வெறும் 'பேக்கிங்' பொருளாகவே பார்த்தார்கள். 1964-ல்தான் வின்சென்ட் ஆல்ஃப்ரே குழு, ஹிஸ்டோனில் அசிட்டைல் ஒட்டினால் மரபணு வேலை செய்வது மாறலாம் என்று காட்டியது. அந்த அசிட்டைலை நீக்கும் நொதியைத் தடுக்கிற வோரினோஸ்டாட் மருந்துக்கு, தோலில் வரும் ஒருவகை லிம்போமா புற்றுநோய்க்காக 2006-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.