ரோஜா முள்ளில் கிடைத்த ரகசியம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மீன் முள் குத்தாத கை கிடையாது. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது சுருக்கென்று குத்தும். மறுநாள் அந்த இடம் சிவக்கும், வீங்கும். சில சமயம் சீழும் வைக்கும்.

கடலுக்குப் போகிறவர்களின் வலையில் நட்சத்திர மீனும் சிக்குவது உண்டு. பெயர்தான் மீன். கறிக்கு உதவாது என்று அதை வீசிவிடுவார்கள். ஆனால், முள் குத்தினால் ஏன் வீங்குகிறது என்ற கேள்விக்கு விடை, அந்த உதவாத பிராணியின் குஞ்சிடம்தான் கிடைத்தது! கண்டுபிடித்தவர் இலியா மெச்னிக்கோவ்.

அவர் 1845-ல் கார்க்கோவ் நகரின் அருகே பிறந்தார். அன்று ருஷ்யப் பேரரசில் இருந்த அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. நான்கு வருஷப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்தார். கடல் பிராணிகளின் முட்டைக்குள் கரு எப்படி வளர்கிறது என்று ஆராய்வதே அவர் வேலை.

நாற்காலியில் வந்த மணப்பெண்

1869-ல் லுத்மிலாவை மணந்தார். அவளுக்குக் காசநோய். நடக்க முடியாத மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். 1873-ல் அவள் இறந்தாள். மெச்னிக்கோவ் மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். எப்படியோ பிழைத்தார். இரண்டு வருஷம் கழித்து ஓல்காவை மணந்தார்.

1882-ல் ஒடெஸ்ஸா பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு, இத்தாலியில் மெஸ்ஸினா கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பினார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்தார்.

நட்சத்திர மீன் குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே சில உயிரணுக்கள் ஊர்ந்து திரிவது தெரிந்தது. இவை உடலின் காவல்காரர்களாக இருக்குமோ? தோட்டத்துக்கு ஓடினார். ரோஜா முட்களைப் பறித்து வந்து குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். இரவெல்லாம் தூக்கமில்லை. பொழுது விடிந்ததும் ஓடிப் பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்து நின்றன!

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் இப்படித்தான். கிருமி புகுந்த இடத்துக்கு ஓடிவந்து அதை விழுங்குகின்றன. சீழில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சண்டையில் மடிந்த அணுக்களே.

இருபத்தைந்து வருஷச் சண்டை

ஜெர்மன் அறிஞர்கள் பலர் ஒப்பவில்லை. கிருமியைக் கொல்வது ரத்தத்தின் நீர்தான், அணு அல்ல என்றார்கள். 1888-ல் பாரிஸில் பாஸ்டர் இவருக்கு இடம் கொடுத்தார். (ஒடெஸ்ஸாவில் இவரிடம் படித்த ஹாஃப்கின்தான் 1893-ல் இந்தியா வந்து காலரா தடுப்பூசி போட்டவர்.) வாதம் ஓயவில்லை. கடைசியில் 1908-ம் வருஷ நோபல் பரிசை இவருக்கும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த எர்லிக்குக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். இரு தரப்பும் சொன்னது சரியே என்று பின்னால் தெரிந்தது.

விழுங்கிய கிருமியை அணு ஜீரணிக்கிறது என்பது மெச்னிக்கோவின் கருத்து. வெள்ளை அணுவுக்குள் சின்னஞ்சிறு பைகள் உண்டு. புரதத்தை வெட்டும் சத்துகள் அவற்றில் இருக்கின்றன. செரின் புரோட்டியேஸ் என்பது அவற்றில் ஒரு குலம். நம் குடலில் புரதத்தைக் கரைக்கும் டிரிப்சினும் இந்தக் குலமே. சுண்டெலியின் கரு, உருவான நாலைந்து நாளில் தன் மேலுறையை உடைத்து வெளிவர உதவுவதும் இதே குலத்துச் சத்துகள்தான். கருவையும் காவல் அணுவையும் ஒருங்கே ஆராய்ந்த மெச்னிக்கோவ் இதை அறியாமலே போய்விட்டார்.

முதுமை சீக்கிரம் வராமலிருக்கத் தினமும் புளித்த பால் குடித்து வந்தார். நம் வீட்டு மோருக்கு இது உறவுதான்! 1916-ல், 71-ம் வயதில், பாரிஸில் காலமானார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.