ஆஸ்வால்ட் அரசர்

இங்கிலாந்தின் மேற்கெல்லையிலே, வேல்ஸ் நாட்டையடுத்து, ஆஸ்வெஸ்ட்ரி என்றோர் ஊர் உளது. ஆஸ்வால்டின் மரம் என்பது அப்பெயரின் பொருள். வேல்ஸ் மொழியிலோ அவ்வூர்ப் பெயர் ஆஸ்வால்டின் சிலுவை எனப் பொருள்படும். அவர் பெயரால் வழங்கும் புனித ஊற்றொன்றும் அங்குண்டு. ஓரூரிலே மரத்துக்கும் சிலுவைக்கும் நீருக்கும் தம் பெயரை ஈந்த இவ்வேந்தரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

ஆஸ்வால்ட், வடபுலத்து நார்தம்பிரியாவை ஆண்ட ஈதல்பிரித் மன்னரின் மைந்தர். கி. பி. 616-ல் தந்தை போரிலே மாள, இளம்பிராயத்தவரான இவர் நாடிழந்து, ஸ்காத்லாந்தின் மேல்கரையிலிருந்த ஐரிஷ் மக்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவர்தம் மொழியையும் கிறிஸ்து மார்க்கத்தையும் அங்கே கைக்கொண்டார். ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழித்துச் சிறு படையுடன் மீண்டு, நாட்டைப் பாழ்படுத்திக்கொண்டிருந்த வேல்ஸ் மன்னன் கட்வல்லனை வீழ்த்தி அரியணை ஏறினார். அப்போருக்கு முன் மரச்சிலுவை ஒன்றைக் குழியில் நிறுத்தி, வீரர் மண்ணிட்டு இறுக்குமளவும் தாமே அதனை இரு கைகளாலும் பற்றி நின்றனர் என்ப.

கி. பி. 635-ல் ஐயோனாத் தீவினின்றும் எய்தன் என்னும் துறவியை வருவித்து, லிண்டிஸ்பார்ன் தீவை அவருக்கு அளித்தார். எய்தனுக்கு ஆங்கிலம் செவ்வனே வாராமையின், அவர் உபதேசிக்குங்கால் அரசரே மொழிபெயர்த்துரைத்தார். முடிதரித்தவர் துபாஷியாய் நின்ற அக்காட்சி எம் மனத்தைப் பெரிதும் கவர்கின்றது. உயிர்த்தெழுந்த திருநாள் ஒன்றில், வறியோர் பலர் தெருவில் காத்திருப்பதறிந்து, தம்முன் வைத்த உணவை அவர்க்கு அனுப்பி, அது இருந்த வெள்ளித் தட்டையும் துண்டுதுண்டாக்கிப் பகிர்ந்தளிக்கச் செய்தார்.

கி. பி. 642 ஆகஸ்ட் 5-ஆம் நாள், மெர்சிய மன்னன் பெண்டாவோடு மேசர்பீல்டு என்னுமிடத்தில் பொருது, தமது 38-ஆம் பிராயத்தில் வீழ்ந்தார். பகைவன் அவர் தலையையும் கைகளையும் வெட்டிக் கழிகளில் தூக்கினான். மறுவருடம் தம்பியார் ஆஸ்வியு அவற்றை மீட்டுச் சென்றார். அக்களமே ஆஸ்வெஸ்ட்ரி என்பது நெடுநாள் வழக்கு. அறிஞர் சிலர் அதனை ஐயுறுவர்.

பறவையொன்று அவர் கையைக் கவர்ந்து செல்லுகையில் நழுவவிட, அது வீழ்ந்த இடத்தே ஊற்று எழுந்ததெனக் கதை கூறுவர். கதையினும் பழையதொரு செய்தி உண்டு. பீட் என்னும் துறவி கி. பி. 731-ல் முடித்த திருச்சபைச் சரித்திரத்தில், அரசர் வீழ்ந்த இடத்து மண்ணை மக்கள் எடுத்துச் சென்று நீரிற் கரைத்து நோயாளர்க்கு உதவினரென்றும், அள்ளியள்ளி அவ்விடம் ஓர் ஆள் ஆழக் குழியாயிற்றென்றும் காண்கிறோம். ஊற்றைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. குழியும் நீரும் நோய் தீருமென்னும் நம்பிக்கையும் முன்னர்த் தோன்ற, பறவைக் கதை பின்னர் வந்து சேர்ந்திருக்கலாமென்பது எமது கருத்து. தம் இனத்து மன்னனை வீழ்த்திய இவர் பெயரையே வேல்ஸ் மக்களும் தம் மொழியில் அவ்வூர்க்கு இட்டு வழங்குதல் வியக்கற்பாலது.