பில் காட்ஸ்

பில் காட்ஸ் என அறியப்படும் பிலிப் வால்டர் காட்ஸ் (நவம்பர் 3, 1962 – ஏப்ரல் 14, 2000) ஓர் அமெரிக்கக் கணினி நிரலாளர் ஆவார். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் வடிவத்தை உருவாக்கியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

மில்வாக்கி நகரில் பிறந்த காட்ஸ், விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்றார். 1986 இல் பிகேவேர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆர்க் வடிவத்துக்காக இவர் எழுதிய மென்பொருள் தொடர்பாக 1988 இல் இவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அது சமரசத்தில் முடிந்தபின், 1989 இல் ஜிப் வடிவத்தையும் பிகேஜிப் மென்பொருளையும் வெளியிட்டார். வடிவத்தின் விவரங்களை எவரும் பயன்படுத்த அனுமதித்தமையால் அது விரைவாகப் பரவியது.

மறையாக்க முறை

கடவுச்சொல் இடப்பட்ட ஜிப் கோப்பைப் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி பயன்படுகிறது. இது சமச்சீர் மறையாக்கம் எனப்படும். 1977 முதல் டெஸ் என்னும் சீர்தரம் அமெரிக்காவில் இருந்தபோதிலும், ரோஜர் ஷ்லாஃப்லி அளித்த தனி முறையொன்றே பிகேஜிப்பில் சேர்க்கப்பட்டது. இதில் கடவுச்சொல்லிலிருந்து மூன்று 32-பிட் எண்கள் பெறப்படுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் பைட்டுகள் கோப்பின் பைட்டுகளுடன் ஒவ்வொன்றாகக் கலக்கப்படுகின்றன.

1994 இல் எலி பிஹாம், பால் கோச்சர் ஆகியோர் இம்முறையின் பலவீனத்தை வெளிப்படுத்தினர். பூட்டப்பட்ட தரவில் சில நூறு பைட்டுகளின் மூல வடிவம் தெரிந்தால், அம்மூன்று எண்களையும் ஒரு தனியாள் கணினியால் சில மணி நேரத்தில் கண்டறிய இயலும் என அவர்கள் காட்டினர். கடவுச்சொல்லை அறியாமலேயே, அதே கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட ஏனைய கோப்புகளையும் திறந்துவிடலாம். எனவே கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருப்பினும் இத்தாக்குதலைத் தடுக்காது.

பின்னைய மாற்றங்கள்

டேமன், ரைமன் என்னும் பெல்ஜிய அறிஞர்கள் வடிவமைத்த முறை 2001 இல் ஏஇஎஸ் என்னும் பெயரில் அமெரிக்கச் சீர்தரமாக ஏற்கப்பட்டது. 2003 இல் வின்ஜிப் நிறுவனம் ஜிப் கோப்புகளில் ஏஇஎஸ் பயன்படுத்தும் முறையை வெளியிட்டது. இதில் சாவியைப் பெறக் கடவுச்சொல் 1000 சுற்றுகள் செயலாக்கப்படுவதால், கடவுச்சொற்களை ஊகித்துப் பார்ப்பது கடினமாகிறது. ஆயினும் இம்முறையில் உள்ளடக்கம் மட்டுமே மறைக்கப்படும்; கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். பழைய மென்பொருட்களும் திறக்கவேண்டும் என்பதற்காக முந்தைய முறையும் கைவிடப்படவில்லை. ஆகையால் ஜிப் கோப்பைப் பூட்டுவோர் எம்முறை தெரிவு செய்யப்பட்டுள்ளது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மறைவு

நீண்டகால மதுப்பழக்கத்தால் உடல்நலம் குன்றிய காட்ஸ், 2000 ஏப்ரலில் மில்வாக்கியில் தமது 37 ஆவது வயதில் காலமானார். இவரது பெயரின் முதலெழுத்துகளான பி, கே ஆகியவற்றைக் குறிக்கும் இரு பைட்டுகளே பொதுவாக ஜிப் கோப்புகளின் தொடக்கத்தில் அமைந்துள்ளன.