படச்சுருள் காத்தவர்

1922ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஏஜியன் கடற்கரையில் அமைந்த ஸ்மிர்னா நகரம் தீப்பற்றி எரிந்தது. இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என்று வழங்கும் ஊர் அது. போரின் முடிவில் மூண்ட அத்தீ பல நாள் அணையவில்லை. கிரேக்கரும் ஆர்மீனியரும் வாழ்ந்த பகுதிகள் சாம்பலாயின. மக்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு துறைமுகத்தை நோக்கி ஓடினர். அவ்வூரில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றும் வீட்டையும் உடைமைகளையும் இழந்து பாரிசு நகருக்குப் புலம்பெயர்ந்தது. அக்குடும்பத்துச் சிறுவனுக்கு அப்போது எட்டு வயது நிரம்பவில்லை. அவன் பெயர் ஆன்றி லாங்லுவா.

1914ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்த லாங்லுவாவுக்குப் பாரிசு முற்றிலும் புதிய ஊர். இழந்த வீட்டைத் திரும்பக் காண இயலாத அச்சிறுவன் திரையரங்குகளின் இருளில் மனம் தோய்ந்தான். அக்காலத்துப் படங்கள் பேசாதவை. நடிப்பும் ஒளியும் இடையிடையே தோன்றும் எழுத்துகளுமே கதை சொல்லின. அவற்றை அவன் கண்டு களித்தான். ஒருமுறை கண்ட காட்சியை ஆண்டுகள் கழிந்தும் விவரிக்கும் நினைவாற்றல் அவனுக்கு வாய்த்திருந்தது. படிப்பில் அந்த ஆர்வம் ஏற்படவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் அவன் தேறவில்லை. தந்தைக்கு அது பெருங்கவலை ஆயிற்று.

லாங்லுவா வளர்ந்து இளைஞரான காலத்தில் திரைப்பட உலகில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் பேசும்படம் வெற்றி பெற்றது. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் மக்கள் பேசும்படங்களையே நாடினர். நேற்றுவரை கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்த மௌனப்படங்களைப் பார்க்க ஆளில்லை. அவற்றைக் கிடங்கில் வைத்திருப்பது வீண்செலவு என வணிகர் கருதினர். படச்சுருளில் வெள்ளி கலந்திருந்தது. சுருளைக் கரைத்தால் வெள்ளி கிடைக்கும். எஞ்சிய பொருளும் வேறு தொழில்களுக்குப் பயன்படும். ஆகவே, பல்லாயிரம் படச்சுருள்கள் எடைக்கு விற்கப்பட்டன. ஒரு படத்திற்கு எத்தனை பேர் உழைத்தனர், அப்படத்தைக் கண்டு எத்தனை பேர் அழுதனர், சிரித்தனர் என்பதையெல்லாம் தராசு அறியாதன்றோ?

இங்கே படச்சுருளின் இயல்பையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்துச் சுருள் நைட்ரேட் என்னும் வேதிப்பொருள் கலந்த செல்லுலாய்டால் ஆனது. திரையில் அது தரும் படம் மிகத் தெளிவானது. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே வெளியிடுவதால் நீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. தீயிலிருந்து தப்பினாலும், வெப்பமும் ஈரமும் பட்டால் சுருள் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இறுதியில் பழுப்புநிறப் பொடியாகிவிடும். ஓலைச்சுவடியைச் செல் அரிப்பது போன்றதே இதுவும். வணிகரின் தராசு, தீ, காலம் என்னும் மூன்றுக்கும் நடுவில்தான் பழைய படங்கள் கிடந்தன.

இவ்வழிவுக்குச் சான்றாக ஒரு பெருங்கலைஞரின் வாழ்வே லாங்லுவாவின் கண்முன் இருந்தது. ஜார்ஜ் மெலியே என்பவர் மாயவித்தைக்காரர். திரைப்படம் தோன்றிய தொடக்க ஆண்டுகளிலேயே 500-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். 1902இல் அவர் எடுத்த நிலவுப் பயணப் படம் உலகெங்கும் ஓடியது. பின்னர்க் காலம் மாறிற்று, கடன் சூழ்ந்தது. 1923இல் மனமுடைந்த மெலியே தம் படங்களின் மூலச்சுருள்களைத் தாமே தீயிலிட்டார். அதன்பின் பாரிசின் மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் ஒரு சிறு கடையில் அமர்ந்து பொம்மைகள் விற்றார். முதுமையில் ஓர்லி என்னுமிடத்தில் திரைத்துறையினருக்கென அமைந்த முதியோர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார்.

லாங்லுவாவுக்கு ஜார்ஜ் ஃபிரான்ஜு என்னும் ஒத்த வயது நண்பர் கிடைத்தார். இருவரும் 1935இல் ஒரு திரைப்பட மன்றம் தொடங்கிப் பழைய மௌனப்படங்களைத் திரையிட்டனர். ஆயினும் திரையிடுவதற்குப் படங்கள் இருந்தால்தானே மன்றம் நடக்கும்? எனவே படங்களைத் தேடித் திரட்டத் தொடங்கினர். திரைப்பட இதழ் நடத்திய பால் ஒகுஸ்த் ஆர்லே பணம் கொடுத்து உதவினார். 1936இல் ‘சினிமாத்தெக்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகம் பிறந்தது. தொடங்கும்போது அதனிடம் இருந்தவை 10 படங்களே. வைக்க இடமின்றி, தம் வீட்டுக் குளியல்தொட்டியில் படச்சுருள்களை லாங்லுவா அடுக்கிவைத்தார் என்றும், வீட்டார் குளிக்க வழியின்றித் திகைத்தனர் என்றும் சொல்வதுண்டு.

சுருள்கள் பெருகியபோது நண்பர்கள் இருவரும் ஓர்லி முதியோர் இல்லத்து வளாகத்தில் பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்தனர். படங்களை அதில் வைத்துப் பூட்டி, சாவியை அங்கே தங்கியிருந்த மெலியேவிடம் ஒப்படைத்தனர். தம் படைப்புகளைத் தாமே எரித்த அம்முதியவர் பிறர் படைப்புகளுக்குக் காவலரானார். 1938ஆம் ஆண்டு சனவரியில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய படங்களுள் சற்றேறக்குறைய 200 இன்று எஞ்சியுள்ளன. உலகின் பல மூலைகளில் தங்கிவிட்ட படிகளைத் தேடித் தேடிச் சேர்த்ததால் கிட்டியவை அவை.

அதே 1938இல் பாரிசு, இலண்டன், நியூயார்க், பெர்லின் ஆகிய நான்கு நகரங்களின் காப்பகங்கள் கூடிப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. அடுத்த ஆண்டே போர் மூண்டது.

1940இல் ஜெர்மானியப் படை பாரிசைக் கைப்பற்றியது. அமெரிக்க, ஆங்கிலப் படங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. யூதர் எடுத்த படங்களும் ஆட்சியாளரை எள்ளிய படங்களும் கண்ணில் பட்டால் அழிவது உறுதி. லாங்லுவா நண்பர்களின் வீடுகளிலும் நிலவறைகளிலும் ஊர்ப்புறத்து மாளிகைகளிலும் படங்களை ஒளித்துவைத்தார். குழந்தைகளைத் தள்ளிச்செல்லும் வண்டியில் துணிக்கு அடியில் படப்பெட்டிகளை வைத்து இடம்மாற்றினர் என்றும், பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான சிமோன் சிஞோரே அவ்வாறு உதவியவர்களுள் ஒருவர் என்றும் கூறுவர்.

இப்பணியில் அவருக்கு வாய்த்த துணைவருள் தலையாயவர் லோட்டே ஐஸ்னர் என்னும் பெண்மணி. பெர்லினில் பிறந்த யூதர்; கலை வரலாறு கற்றவர்; திரைப்படத் திறனாய்வாளர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்குத் தப்பி வந்தார். போர்க்காலத்தில் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்தும் தப்பினார். பெயரை மாற்றிக்கொண்டு தென்பிரான்சில் மறைந்து வாழ்ந்தார். அப்பகுதியில் ஒரு பழைய மாளிகையில் லாங்லுவா ஒளித்துவைத்த சுருள்களைப் பார்வையிடும் பொறுப்பு அவருடையதாயிற்று. கடுங்குளிரில், துருப்பிடித்த தகரப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சுருள் கெட்டிருக்கிறதா எனப் பார்த்து, பட்டியல் எழுதினார். அப்பெட்டிகளுள் ஒன்றில் ஹிட்லரை நகையாடிச் சாப்ளின் எடுத்த படமும் இருந்தது. பிடிபட்டால் அந்த ஒரு பெட்டியே அவர் உயிருக்கு முடிவாகியிருக்கும். போர் முடிந்தபின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர் அக்காப்பகத்தின் தலைமைக் காப்பாளராகப் பணிபுரிந்தார். லாங்லுவாவின் புகழ் பேசப்படும் இடத்தில் ஐஸ்னரின் பெயர் விடுபட்டுப்போவது முறையன்று.

1948இல் பாரிசின் மெசின் சாலையில் காப்பகத்திற்கு ஒரு சிறு அரங்கம் அமைந்தது. ஏறத்தாழ 60 பேர் அமரலாம். நாளும் வெவ்வேறு படங்கள். இடம் போதாதபோது இளைஞர்கள் தரையில் அமர்ந்து பார்த்தனர். லாங்லுவா படங்களைத் தொடுக்கும் முறை தனிப்போக்கானது. ஒரே மாலையில் மௌனக்கால நகைச்சுவைப் படம் ஒன்று, சோவியத்துப் படம் ஒன்று, ஹாலிவுட் படம் ஒன்று என அடுத்தடுத்து வைப்பார். அவற்றுக்கிடையே உள்ள உறவைப் பார்ப்பவரே கண்டுகொள்ள வேண்டும். மௌனப்படங்களைப் பியானோ இசை இல்லாமலேயே ஓடவிடுவார். மொழி புரியாத அயல்நாட்டுப் படங்கள் அடியெழுத்து இன்றியும் ஓடும். சொல் விளங்காதபோது கண் கூர்மையாகும் அல்லவா? முன்வரிசையில் அமர்ந்திருந்த அவ்விளைஞருள் த்ரூஃபோ, கோதார், ரிவெத், ரோமெர் முதலியோர் இருந்தனர். பத்தாண்டு கழித்து அவர்களே புதிய அலை என்னும் பெயரில் பிரெஞ்சுத் திரைப்படத்தின் போக்கை மாற்றினர். எவரும் அவர்களைத் திரைப்படப் பள்ளியில் பயிற்றுவிக்கவில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களே அவர்களுக்கு ஆசிரியர்.

ஆனால் லாங்லுவாவின் வழியை எல்லாரும் ஏற்கவில்லை. இலண்டன் காப்பகத்தின் தலைவர் எர்னஸ்ட் லிண்ட்கிரென் வேறு கொள்கை உடையவர். ஒவ்வொரு முறை ஓடும்போதும் சுருளில் கீறல் விழும். ஆகவே படியெடுத்து முடிக்கும்வரை மூலத்தைத் திரையிடக் கூடாது என்பது அவர் உறுதி. குளிரூட்டிய அறை, ஒழுங்கான பட்டியல், வேதியியல் சோதனை ஆகியவற்றில் அவர் கண்ணும் கருத்துமாக இருந்தார். லாங்லுவாவோ திரையிடப்படாத படம் இறந்த படத்திற்கு ஒப்பானது என்று நம்பினார். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். எது சிறந்தது, எது தாழ்ந்தது என்று தெரிவு செய்யவும் மறுத்தார். இன்று பயனற்றதாகத் தோன்றுவது நாளைய தலைமுறைக்கு அருமையாகலாம் என்பது அவர் எண்ணம். அது பிற்காலத்தில் மெய்யாயிற்று என்றே சொல்ல வேண்டும். எனினும் பட்டியல் பெரும்பாலும் அவர் நினைவிலேயே இருந்தது. பல சுருள்கள் தக்க பாதுகாப்பின்றிக் கிடங்குகளில் கெட்டன. 1959இல் காப்பகத்தின் வளாகம் ஒன்றில் நிகழ்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தொழிந்தன. ஸ்ட்ரோஹைம் இயக்கிய ஒரு படத்தின் எஞ்சியிருந்த ஒரே படியும் அவ்விபத்தில் அழிந்தது. அப்படத்தை இனி எவரும் காண இயலாது. ஸ்மிர்னாவில் தீயைக் கண்ட கண்கள் மீண்டும் ஒரு தீயைக் கண்டன. இம்முறை குற்றத்தின் ஒரு பகுதி காப்பாற்ற முயன்றவர் மீதும் இருந்தது.

காப்பகம் 1963இல் ஷாயோ அரண்மனைக்கு விரிந்தது. அரசின் நிதியுதவி பெருகியது. அதனுடன் அரசின் கேள்விகளும் பெருகின. கணக்கும் பட்டியலும் எங்கே என அதிகாரிகள் வினவியதில் தவறில்லை. ஆனால் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோவின் காலத்தில், லாங்லுவா பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 32 ஆண்டுகளாகத் தாம் திரட்டிய படங்களுக்கு அருகே செல்லவும் அவருக்கு உரிமையில்லாமல் போயிற்று.

செய்தி பரவியதும் பாரிசு கொதித்தெழுந்தது. பிப்ரவரி 14ஆம் நாள் ஷாயோ அரண்மனை முன் திரண்ட கூட்டத்தின்மீது காவலர் தடியடி நடத்தினர். த்ரூஃபோவும் கோதாரும் அதில் அடிபட்டனர். உலகெங்குமிருந்து தந்திகள் குவிந்தன. சாப்ளின், ரோசெல்லினி, ஃபிரிட்ஸ் லாங், ஆர்சன் வெல்ஸ் போன்ற பேரியக்குநர்கள், லாங்லுவா இல்லாத காப்பகத்தில் தம் படங்களைத் திரையிட இசைவு தரமாட்டோம் என அறிவித்தனர். படங்களின் உரிமை அவர்களிடம் இருந்ததால் அரசினால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஏப்ரல் 22ஆம் நாள் லாங்லுவா மீண்டும் பொறுப்பேற்றார். அவ்வாண்டு வெளியான தம் படம் ஒன்றை த்ரூஃபோ அவருக்குப் படையல் செய்தார். பூட்டிக் கிடக்கும் காப்பகத்தின் கதவுகளே அப்படத்தின் முதற்காட்சி.

வெற்றிக்கு விலை இருந்தது. அரசு தன் நிதியைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. காப்பகத்தை நடத்தப் பணமின்றி லாங்லுவா கனடாவின் மொன்றியல் நகருக்கு அடிக்கடி வானூர்தியில் சென்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். அத்தனை நெருக்கடியிலும் தம் நெடுநாள் கனவான திரைப்பட அருங்காட்சியகத்தை 1972இல் ஷாயோ அரண்மனையில் திறந்துவைத்தார். பழைய படக்கருவிகள், நடிகர் அணிந்த ஆடைகள், அரங்கப் பொருள்கள், வரைபடங்கள் ஆகியவற்றை வைக்க வேண்டிய இடத்தையெல்லாம் தாமே முடிவுசெய்தார். ஹிட்ச்காக் தம் படத்தில் பயன்படுத்திய ஓர் அச்சமூட்டும் பொம்மைத் தலையும் அங்கு இடம்பெற்றது. அந்நாளில் காப்பகத்தில் இருந்த படங்கள் 60,000-க்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டன. 1974இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கியது. படம் எடுத்தவருக்கும் நடித்தவருக்கும் உரிய மேடையில், படங்களைத் திரட்டி வைத்த ஒருவர் ஏறி நின்றார்.

1977ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் லாங்லுவா பாரிசில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. தமக்கெனச் செல்வம் எதையும் அவர் சேர்த்துவைக்கவில்லை.

2005 முதல் காப்பகம் பாரிசின் பெர்சிப் பகுதியில் இயங்கி வருகிறது. இப்போது அங்கே ஒழுங்கான பட்டியலும் உண்டு. லிண்ட்கிரென் விரும்பிய குளிரூட்டிய கிடங்குகளும் உண்டு. பள்ளிச் சிறுவர்கள் அங்கு வந்து, தம் கொள்ளுத் தாத்தா காலத்து மௌனப்படங்களைக் காண்கின்றனர். மெலியேவின் கருவிகளுக்கும் ஆடைகளுக்கும் என 2021இல் அதே கட்டடத்தில் தனி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நிலவுப் பயணப் படத்தின் கையால் வண்ணம் தீட்டிய படி ஒன்று, ஒட்டிக் கட்டியாகிப்போன நிலையில் ஸ்பெயின் நாட்டில் 1993இல் கிடைத்தது. அதைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் செப்பனிட்டு, 2011இல் மீண்டும் திரையிட்டனர்.

லாங்லுவா அடக்கம் செய்யப்பட்ட இடம் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டம். மெலியே பொம்மை விற்ற இரயில் நிலையம் அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ளது. கல்லறையின் மேற்பலகை முழுவதும் பழைய படங்களின் காட்சிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவ்வழியே செல்வோர் குனிந்து, தாம் பார்த்த படம் எது, பாராத படம் எது என்று தேடிக்கொண்டு நிற்பதுண்டு.