காடோலின் கண்ட கறுப்புக் கல்

எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது சில நோயாளிகளுக்கு ஊசி வழியாக ஒரு மருந்து செலுத்துவார்கள். அதிலுள்ள உலோகம் காடோலினியம். தனிம அட்டவணையில் 64ஆம் இடம் பெற்ற அதன் பெயருக்குக் காரணமானவர் யாரென, வேதியியல் மாணவனாகிய நான் தேடிப் படித்தேன்.

யோகான் காடோலின் 1760இல், அன்று சுவீடன் நாட்டுடன் இணைந்திருந்த பின்லாந்தின் ஓபோ நகரில் பிறந்தார். உப்சாலாவில் பெர்க்மன் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் பயின்றார். பின்னர்ப் பிறந்த ஊரிலேயே பேராசிரியரானார்.

ஸ்டாக்ஹோம் அருகே இட்டெர்பி கல்குவாரியில் 1787இல் அகப்பட்ட கனமான கறுப்புக் கல்லின் துண்டொன்று அவரிடம் வந்தது. அதைப் பகுத்தபோது 100க்கு 38 பங்கு புதிராக நின்றது. சில பண்புகளில் சுண்ணாம்பை ஒத்தது. சிலவற்றில் அலுமினாவை ஒத்தது. எதனோடும் முழுதும் பொருந்தவில்லை. ஏதேனும் ஒன்றின் பெயரில் எழுதி முடித்திருக்கலாம். அவரோ பொருந்தாததைப் பொருந்தாதது என்றே 1794இல் வெளியிட்டார். கையிலிருந்த கல் சிறிதாதலால், புதுமை கண்டதாகப் பறைசாற்றவும் தயங்கினார். அருமண் தனிமங்களின் வரலாறு அங்கே தொடங்கிற்று எனலாம்.

1827இல் நகரையே எரித்த பெருந்தீயில் அவருடைய கனிமத் தொகுப்பும் அழிந்தது. 1852இல் மறைந்தார். அக்கல்லுக்குக் காடோலினைட் என அவர் பெயரே சூட்டப்பட்டிருந்தது. 1880இல் மரிஞாக் கண்ட புதிய தனிமம் அக்கனிமத்தின் வழியே காடோலினியம் எனப் பெயர் பெற்றது. அவ்வுலோகத்தை அவர் கண்டதேயில்லை!

காடோலினிய அயனியில் இணையுறாத எலக்ட்ரான்கள் ஏழு. அவை அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் புரோட்டான்களை விரைவில் பழைய நிலைக்குத் திருப்புவதால், அவ்விடம் படத்தில் ஒளிர்கிறது. ஆனால் தனித்த அயனி நஞ்சு. ஆகவே வேறொரு மூலக்கூறால் பிணைத்தே செலுத்துகின்றனர். அவற்றுள்ளும் சில, சிறுநீரகம் பழுதுற்றோருக்குத் தோல் இறுகும் நோயைத் தந்தமை 2006இல் வெளிப்பட்டது. எனவே 82 கார்பன் அணுக்களாலான ஃபுல்லரீன் கூண்டுக்குள் அவ்வணுவை அடைத்து, வெளிப்புறத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகளை இணைத்து நீரில் கரையச் செய்யும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

நண்பர்களே, செய்முறை வகுப்பில் எடை பொருந்தாவிடில், விடைக்கேற்ப எண்ணைத் திருத்தும் ஆசை எழுவது இயல்பு. அப்போதெல்லாம் அந்த 38 பங்கை நினைவுகூர்வோம்.